ஃபேன் ஓடும் அறைக்கு ஒரு பாட்டு சிஸ்டம்

வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்ததும் கேட்பது, "இதுக்கு எந்த கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்க?" என்றுதான். ஸ்டாண்டுக்குப் பின்னால் கையகலத்தில் கிடக்கும் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியைக் காட்டினால் நம்ப மாட்டார்கள். இந்த மொத்த ஏற்பாட்டில் நான் மிகக் குறைவாக யோசித்து வாங்கிய பொருள் அதுதான். சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது சத்தத்தை அத்தனை தரம் அளந்து எழுதிய எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட். இதை எடுத்து அனுப்ப இன்றைக்கு எந்தக் கணினிக்கும் மூச்சு வாங்காது. பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், உழைப்பை அறையிலும் கோப்புகளிலும் போடுங்கள் என்பது என் கட்சி.

நான் கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் மின்பராமரிப்பு பார்ப்பவன். ஷிப்ட் முழுக்க ஸ்பின்னிங் பிரேம்களின் இரைச்சல். வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. டோன் ஜெனரேட்டர் வைத்துச் சோதித்துப் பார்த்ததில் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு எதுவும் கேட்பதில்லை. இந்தக் காதை வைத்துக்கொண்டு, நொடிக்கு 1,92,000 மாதிரிகள் எடுத்து காதுக்கு எட்டாத சுரம்வரை பதியும் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு வாங்குவது யாருக்காக?

சரி, என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி பையில் மூட் ஆடியோ என்ற இலவச மென்பொருள். அதற்கு அடியில் ஓடுவது எம்பிடி, 2003-லிருந்து இருக்கும் பழைய பிளேயர். திரை, கீபோர்டு எதுவும் கிடையாது. போன் பிரவுசரில் பாட்டைத் தொட்டால் ஓடும். பாட்டெல்லாம் ஒரு எஸ்எஸ்டியில். பையிலிருந்து யுஎஸ்பி டாக் (எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் கருவி), டாக்கிலிருந்து டிபிஏ3255 சிப் வைத்த சின்ன சீன ஆம்ப்ளிஃபயர், அங்கிருந்து ஒரு ஜோடி வார்ஃப்டேல் டயமண்ட். ஸ்பீக்கர் மட்டும் பழசு, வெளிநாடு கிளம்பிய ஒருவரிடம் வாங்கியது. டாக், ஆம்ப், பை மூன்றையும் சேர்த்தாலும் புது ஸ்பீக்கர் விலை வராது. அந்த விகிதம் சரியானதுதான்.

பையின் ஹெட்போன் துளையில் நேரே ஆம்பை மாட்டிவிடாதீர்கள். அங்கே முறையான டாக் சிப் கிடையாது. பல்ஸின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள், இரைச்சல் காதுக்கே தெரியும். காசு இல்லையென்றால் ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் போதும். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் அந்தக் குட்டி வயருக்குள் இருப்பது உருப்படியான டாக். 'ஆடியோ கிரேடு' யுஎஸ்பி கேபிள் பற்றி யாராவது பேசினால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இப்போதைய டாக்குகளில் பெரும்பாலானவை அசின்க்ரனஸ். கடிகாரம் டாக்கில் இருக்கிறது. அது கேட்கக் கேட்கக் கணினி கொடுக்கிறது, அவ்வளவுதான். கேபிளுக்கு அதில் தாளம் போடும் வேலை இல்லை.

விண்டோஸ் லேப்டாப்பில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் எல்லாச் சத்தங்களையும் ஒன்றாகக் கலந்து, ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் வெளியே விடும். 44,100-இல் இருக்கும் பாட்டு 48,000-ஆகப் போகலாம். இந்த மாற்றம் காதில் விழும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஆலாபனை நடுவே வாட்ஸப் மணி அடிப்பது நிச்சயம் விழும். ஃபூபார்2000 என்ற பிளேயரில், பாட்டை எதோடும் கலக்காமல் நேரே டாக்குக்கு அனுப்பும் வசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

அடுத்தது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பாட்டை நிறுத்தியதும் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று கேட்கிறதா? அது 50 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100. கணினி ஒரு சுவர் பிளக்கில், ஆம்ப் எதிர்ச் சுவர் பிளக்கில், இரண்டுக்கும் எர்த் தனித்தனி வழியாகப் போகிறது என்றால், ஆடியோ வயரின் உலோக மேலுறை அந்த இரண்டு எர்த்துக்கும் பாலமாகிவிடும். அதில் ஓடும் சின்னக் கரன்ட்தான் அந்த உம். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் நோய் இதுதான். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் கணினிக்கும் டாக்குக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போடுங்கள். வெளிச்சத்தில் எர்த் கரன்ட் ஓடாது. எர்த் பின்னை வெட்டிவிட்டால் உம் போகும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பி வெட்டாதீர்கள். உம் போகும், ஆம்புக்குள் ஒரு வயர் கழன்று பாடியில் பட்டால் ஆளும் போவார்.

மெட்டல் பாடி லேப்டாப்பைத் தொட்டால் லேசாகக் கிர்ரென்று இழுக்கிறதே, அதுவும் உறவுக்காரன்தான். இரண்டு பின் சார்ஜருக்குள் இரைச்சலை வடிக்க ஒரு சின்ன கப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியே கசிவது போக இடமில்லாமல் பாடியில் நிற்கிறது. மூன்று பின் வயரும், உண்மையிலேயே மண்ணைத் தொடும் எர்த்தும் இருந்தால் போய்விடும். எர்த் குழியில் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கரன்ட் போனால் இன்வெர்ட்டர். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் கொர்ரென்று உறுமும். சைன் வேவுக்கு மாறுவதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. பல ஆயிரம் ரூபாய் பவர் கார்டு விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெரு முழுக்க அலுமினியக் கம்பியில் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டரில் எதைக் கொண்டு திருத்துகிறீர்கள்?

இனி அறை. நம் வீடுகள் பாட்டுக்கு எதிரி. சிமென்ட் பூசிய சுவர், கான்கிரீட் கூரை, வழவழ டைல்ஸ் தரை, ஜமுக்காளம்கூட விரிப்பதில்லை. நடு அறையில் நின்று ஒரு தரம் கை தட்டுங்கள். டர்ர்ரென்று இரு சுவருக்கும் நடுவே சத்தம் ஓடுவது கேட்கும். பாடகரின் ஒவ்வொரு 'ச'வுக்கும் இதேதான் நடக்கிறது. பிறகு ஸ்பீக்கர் கூச்சலிடுகிறது என்று வேறு ஸ்பீக்கர் வாங்கப் போவோம்.

நான் செய்த முதல் வைத்தியம் பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து வைத்தது. "ஏனுங்க, வர்றவங்க என்ன நெனப்பாங்க? வெயில்ல காயப்போட்ட மெத்தைய அங்கயே மறந்துட்டோம்னு நெனப்பாங்க" என்றாள் வீட்டுக்காரி. நியாயம்தான். மில்லில் கழிவுப் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. கேட்டு வாங்கி, நாலங்குல ஆழ மரச் சட்டங்களில் அடைத்து, மேலே கைத்தறித் துணி இழுத்துக் கட்டினேன். துணியின் நிறத்தை அவள் தேர்ந்தெடுத்ததால் சண்டை தீர்ந்தது. ஒரே எச்சரிக்கை: பஞ்சு பற்றிக்கொள்ளும். ஸ்விட்ச் போர்டு, ஸ்டாண்டு விளக்கு பக்கமெல்லாம் மாட்டக் கூடாது. வசதி இருந்தால் தீப்பிடிக்காத ராக்வூல் நல்லது.

உயர்ந்த சுரங்களுக்கு இது போதும். அடிச் சத்தத்துக்கு நாலங்குலப் பஞ்சு காணாது. என் அறை 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. ஒலி நொடிக்கு 345 மீட்டர் சுமாருக்குப் போகிறது. அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறை தானாகத் தூக்கிக்கொடுக்கும் சத்தம் எது என்று தெரியும்: நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். உயரமும் அதே பத்தடி என்பதால் அதே 57 இன்னொரு தரம் வந்து சேர்ந்துகொள்கிறது. பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். சினிமாப் பாட்டில் அந்தக் கம்பியைத் தொடும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்ந்ததற்கு ஸ்பீக்கர் பொறுப்பில்லை, கொத்தனார்தான் பொறுப்பு. 47 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீட்டருக்கு மேல். அதைப் பஞ்சால் பிடிக்க வேண்டுமென்றால் அறையையே பஞ்சால் நிரப்ப வேண்டும்.

இங்கேதான் கணினி தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. யுமிக்-1 என்ற அளவீட்டு மைக்கை நண்பரிடம் கடன் வாங்கி, நான் உட்காரும் நாற்காலியில் காது உயரத்தில் நிறுத்தி, ரூம் ஈக்யூ விசார்டில் எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று வரைபடம் எடுத்தேன். இந்த மென்பொருளும் இலவசம்தான். 57-இல் மேடு தெரிந்தது, கூடவே வேறிடத்தில் ஒரு பள்ளமும். மேட்டை வெட்டும் ஃபில்டரை மூட் ஆடியோவுக்குள்ளேயே இருக்கும் கமில்லா டிஎஸ்பி என்ற சத்தம் திருத்தும் பகுதியில் போட்டேன். பள்ளத்தைத் தொடவில்லை. அது நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம். எவ்வளவு ஏற்றினாலும் இரண்டும் சேர்ந்து ஏறும், ஆம்ப்தான் திணறும். நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்ததில் பள்ளம் பாதி தூர்ந்தது. செலவு பூஜ்யம்.

அதே மைக்கில் ஃபேனையும் அளந்தேன். நாலாம் நம்பரில் 45 டெசிபல் சொச்சம். கோயமுத்தூர் குளுகுளு ஊர் என்பதெல்லாம் அந்தக் காலம். ஏப்ரலில் ஃபேன் இல்லாமல் ஒரு ராகம் முழுதாகக் கேட்க முடியாது. உரத்த இடத்தில் பாட்டு 90 டெசிபலைத் தொடுகிறது என்று வையுங்கள். ஃபேனுக்கும் உச்சத்துக்கும் நடுவே எனக்கு மிஞ்சுவது 45. சிடியின் 16 பிட் கொடுக்கும் இடைவெளி 96 டெசிபல். அதுவே பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போது 24 பிட்டுக்காக ஏங்குவதைவிட ஃபேனுக்கு பேரிங் மாற்றுவது உத்தமம். மாற்றினேன்.

கோப்புகள் வேலைதான் இன்னும் முடிந்தபாடில்லை. அலமாரியில் இருக்கும் சிடிக்களை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் போட்டு ஃபிளாக் என்ற வகைக் கோப்பாக ஆக்குகிறேன். ஒரு மணி நேர சிடி 635 எம்பி. ஃபிளாக்கில் கிட்டத்தட்ட பாதியாகும், ஒரு பிட்கூட இழக்காமல். எடுத்தது சரியா என்று ஆக்யூரேட்ரிப் என்ற வசதி மற்றவர்கள் எடுத்த பிரதிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும். என்னிடம் இருக்கும் கர்நாடக சிடிகளில் பலவற்றுக்கு அதில் பதிவே இல்லை. அப்போது இரண்டு தரம் படித்து ஒப்பிடும் செக்யூர் முறைதான் கதி. கீறல் விழுந்த சிடியில் ஒரு டிராக்குக்கே அரை மணி ஓடும்.

எம்பி3 எனக்கு ஏன் ஆகாது என்றால், தரத்துக்காக அவ்வளவு இல்லை. கச்சேரி சிடியில் ராகம் ஒரு டிராக், கிருதி அடுத்த டிராக், தனி ஆவர்த்தனம் இன்னொன்று என்று வெட்டியிருப்பார்கள். எம்பி3 என்பது 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்கள். கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் மௌனத்தை ஊற்றி நிரப்பிவிடும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். அதைத் தள்ளிவிடத் தெரியாத பிளேயரில் தம்புரா ஒவ்வொரு டிராக் எல்லையிலும் விக்கும். ஃபிளாக் கோப்பு மாதிரிகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்திருப்பதால் விக்கல் இல்லை.

கோப்புக்குள் பாட்டின் விவரங்களை எழுதும் டேக் போடுவது தனிக்கதை. மேற்கத்திய மென்பொருளுக்கு ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், டைட்டில் தெரியும். ராகம், தாளம் தெரியாது. ஃபிளாக்கில் எந்தப் பெயரிலும் புலம் சேர்க்கலாம் என்றாலும், நாம் புதிதாக வைத்த பெயரை எம்பிடி கண்டுகொள்ளாது. நான் செய்திருக்கும் குறுக்குவழி: ஜானர் என்ற இடத்தில் ராகத்தை எழுதிவிடுவது. பாப், ராக் என்று வர வேண்டிய இடத்தில் தோடி, காம்போதி, சகானா என்று வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் அந்த ராகத்தில் என்னிடம் இருக்கும் எல்லாம் வரும். பெர்ஃபார்மர் இடத்தில் வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்கள். எல்லாம் எம்பி3டேக் என்ற மென்பொருளில் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே ராகம் நாலு எழுத்துக்கூட்டலில் நாலு இடத்தில் போய் உட்காரும். எழுதி முடித்த டிஸ்க்கின் நகல் ஒன்று பொள்ளாச்சியில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. எஸ்எஸ்டி செத்தால் சிடியை மறுபடி எடுத்துவிடலாம், டேகை மறுபடி அடிக்க என்னால் ஆகாது.

இப்போது அப்பாவின் கேசட்டுகளைத் தொடங்கியிருக்கிறேன், பாதிக்கு மேல் ரேடியோவிலிருந்து பதிந்த கச்சேரிகள். இதில் டாக், சாஃப்ட்வேர் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருத்துவது. ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன ஸ்க்ரூவை, கேசட் ஓடும்போதே, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாகக் கேட்டுக்கொண்டே திருப்பினால், சாய்வு சரியாகும் இடத்தில் வயலின் திடீரென்று பளிச்சென்று திறப்பது தெரியும். அப்புறம் கணினியில் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதியலாம். ஸ்க்ரூடிரைவர் காந்தம் ஏறாததாக இருக்கட்டும். பதிந்த டெக் வேறு வேறு என்பதால் சரியான இடம் கேசட்டுக்குக் கேசட் மாறும். மெக்கானிக் செய்வதுபோல் ஸ்க்ரூ தலையில் நெயில் பாலிஷ் வைத்து இறுக்கிவிடாதீர்கள்.