மாடி சாவி யார்கிட்ட இருக்கு?

பழைய வண்ணாரப்பேட்டைல நாங்க இருந்த வீட்ல ஆறு குடித்தனம், மொட்டைமாடி ஒண்ணு, சாவி ஆயாகிட்ட. ஆயா சாவிய கையில தராது, துணிய வாங்கிட்டுப் போய் அதுவே காயப்போட்டு சாயங்காலம் மடிச்சு எடுத்துட்டு வரும்.

மெயின்ஃப்ரேம் சிஸ்ப்ளெக்ஸ்ல, அதாவது பல சிஸ்டத்த ஒண்ணா கோத்து வச்ச கூட்டத்துல, ஃபைல் சிஸ்டம் ஷேர் ஆகுறத புதுசா சேர்ற பசங்களுக்கு சொல்லும்போது எனக்கு அந்த ஆயா தான் ஞாபகம் வரும். ஒரு சிஸ்ப்ளெக்ஸ்ல 32 சிஸ்டம் வரைக்கும் சேர்க்கலாம், எல்லாத்துக்கும் ஒரே டைரக்டரி மரம், ஒரு ஃபைல் சிஸ்டத்த எங்க மவுண்ட் பண்ணாலும் (அந்த மரத்துல மாட்டினாலும்) எல்லாத்துலயும் தெரியும். தெரியுதேன்னு எல்லா சிஸ்டமும் நேரா டிஸ்க்க தொடுதுன்னு நினைச்சுடக்கூடாது. ரீட் ஒன்லின்னா நேரா படிச்சுக்கும். ரீட் ரைட்னா ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒரு ஓனர் சிஸ்டம் இருக்கும், மத்த சிஸ்டம் கேக்குறதெல்லாம் சிஸ்டங்களுக்கு நடுவுல சேதி கொண்டு போற எக்ஸ்சிஎஃப் வழியா அங்க போயி, ஓனர் எழுதிட்டு பதில் அனுப்பும்.

அந்த ஓனர் விழுந்தா? அங்க தான் நான் மாட்டினேன். நைட் ஷிஃப்ட், மணி ரெண்டு இருக்கும், ஒரு எல்பார், அதாவது மெயின்ஃப்ரேம்ல தனியா பிரிச்சு ஒரு சிஸ்டம் ஓடுற பகுதி, திடீர்னு வெயிட் ஸ்டேட் போயி நின்னுடுச்சு, சரி அதுல ஓடுனது தான் போச்சுன்னு பாத்தா பக்கத்து சிஸ்டம்ல நல்லா ஓடிட்டு இருந்த பேட்ச் ஜாபும் வரிசையா விழ ஆரம்பிச்சுது. அரை மணி நேரம் ஜாப் லாகயே நோண்டிட்டு இருந்தோம். அப்புறம் ஃபைல் சிஸ்டம் நிலவரம் காட்டுற டி ஓஎம்விஎஸ்,எஃப் கமாண்ட் அடிச்சா அந்த டைரக்டரிக்கு ஓனரே இல்ல, அன்ஓன்டுன்னு நிக்குது. நோஆட்டோமூவ், அதாவது ஓனர் விழுந்தாலும் வேற சிஸ்டத்துக்கு மாறாதுன்னு போட்டிருக்கு. அத மவுண்ட் பண்ணது நான் தான், தற்காலிக ஃபைல் வைக்கிற /டிஎம்பியோட மவுண்ட் வரிய காப்பி பண்ணி பேர மட்டும் மாத்தியிருந்தேன். /டிஎம்பி அந்தந்த சிஸ்டத்துக்கே சொந்தம், அதுக்கு நோஆட்டோமூவ் சரி, பொதுவா எல்லாரும் எழுதுற டைரக்டரிக்கு அது ஆயா சாவியோட ஊருக்கு போன கதை தான். ஆட்டோமூவ்னு இருந்திருந்தா வேற சிஸ்டம் ஓனர்ஷிப்ப எடுத்திருக்கும். விழுந்த சிஸ்டம் ஐபிஎல் ஆகி (திரும்ப பூட் ஆகி) வர வரைக்கும் காத்திருந்தோம், தண்டையார்பேட்டை தாண்டி வீட்டுக்கு வரும்போது காசிமேட்டுல ஏலம் முடிஞ்சு மீன் வண்டிங்க கிளம்பிட்டு இருந்துது.

இசட்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் வகைல ஆர்டபிள்யூஷேர்னு ஒரு மவுண்ட் ஆப்ஷன் இருக்கு, அத குடுத்தா மத்த சிஸ்டமும் டேட்டாவ நேரா டிஸ்க்ல படிக்கும் எழுதும், மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல் பேரு, சைஸ் மாதிரி விவரத்துக்கு) மட்டும் ஓனர்கிட்ட போகும். நிறைய சிஸ்டம்ல இருந்து எழுதுற ஃபைல் சிஸ்டத்துக்கு கண்டிப்பா இத போடுங்க, டீஃபால்ட் நோஆர்டபிள்யூஷேர் தான், நாம சொன்னா தான் வரும்.

மறுநாள் செட்ஓஎம்விஎஸ் கமாண்ட்ல ஆட்டோமூவ்னு மாத்தினேன், ஐபிஎல்ல படிக்கிற செட்டிங் இருக்கிற பார்ம்லிப் மெம்பர்லயும் கையோட மாத்துங்க, இல்லன்னா அடுத்த ஐபிஎல்ல பழைய வரி தான் திரும்ப வரும். இப்ப எந்த மெயின்டனன்ஸ்னாலும் டிஎஃப் மைனஸ் வி அடிச்சு ஓனர் பேரு, ஆட்டோமூவ் ஒய்யா என்னான்னு வரி வரியா பாத்துட்டு தான் கை வைக்கிறேன்.