18ஆம் மாடி அம்மம்மா வீடு

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்து மலர்க் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் போனில் பிடித்தார். "அண்ணை, 70களில எங்கட கல்லூரியில ஒரு பொப் குழு இருந்ததாமே, நீங்களும் கிற்றார் வாசிச்சனீங்களாம். அதைப் பற்றி ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோவன்." சரி என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் விஷயம் முடிந்துவிட்டது. மிச்ச மூன்றரைப் பக்கத்துக்கும் மிக் ஜோன்ஸ் என்ற வேறொரு கிற்றார்ப் பொடியனின் கதையைக் கடன் வாங்கப் போகிறேன். அவன் நம் கல்லூரி மாணவன் அல்ல, யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டவனும் அல்ல. ஆனால் ஒரு காலத்தில் என் அறை யன்னலுக்கு நேரே இருந்தவன்.

முதலில் அந்த அரைப் பக்கம்.

நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிப் பாடித் தமிழ்ப் பொப்பிசை வீடு வீடாகப் புகுந்த காலம் அது. எங்கள் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். இரண்டு கிற்றார், ஒரு அக்கோடியன், ஒரு பொங்கோஸ், பாட ஒருவர். குழுவுக்கு வைத்த பெயரை இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் அறுந்த தந்திக்கு மாற்றுத் தந்தி கிடைக்காது. சைக்கிள் பிறேக் வயரைப் பிரித்து அதில் ஒரு இழையைக் கட்டி வாசித்திருக்கிறேன். அந்த ஓசையை விவரிக்க வேண்டியதில்லை. கலைவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒத்திகை பார்க்க வந்த பெரிய வகுப்பு அண்ணை ஒருவர் கொஞ்ச நேரம் கேட்டார். "இவன் வாசிக்கிறது தேங்காய் திருவுறமாதிரி இருக்கு, இவனை எடுங்கோ" என்றார். எடுத்துவிட்டார்கள். கலைவிழா அன்று நான் திரை இழுத்தேன். அவ்வளவுதான் என் மேடை அனுபவம்.

1975 இலையுதிர் காலத்தில் கணக்கியல் படிக்க இலண்டன் வந்தேன். பகலில் வகுப்பு, இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. அன்று வந்த நம் பொடியள் பாதிப் பேரின் கதை இதுதான். ஹரோ றோட்டுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு அறை. மீற்றருக்குள் காசு போட்டால்தான் ஹீற்றர் எரியும். யன்னலைத் திறந்தால் வெஸ்ட்வே. 1970இல் திறந்த உயர்மட்ட நெடுஞ்சாலை அது, வீடுகளின் கூரைக்கு மேலாகத் தூண்களில் ஏறி ஓடும். இரவு முழுக்க அதில் வாகனங்கள் போகிற இரைச்சலை, கண்ணை மூடிக்கொண்டு கடல் என்று நினைத்துப் படுத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற மாடிக் கட்டடங்களில் ஒன்றின் பெயர் வில்ம்கோட் ஹவுஸ். நகரசபை கட்டிய சாம்பல் நிறக் கட்டடம். அதில் 18ஆம் மாடியில் ஒரு பொடியன் தன் அம்மம்மாவோடு இருந்தான். அது அப்போது எனக்குத் தெரியாது.

தெரிய வந்தது 1977 சித்திரை மாதத்தில். பெற்றோல் நிலையத்தில் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் ஒரு ரெக்கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். த க்ளாஷ் என்ற குழுவின் முதல் அல்பம். அதில் இலண்டன் எரிகிறது என்று கத்துகிற பாட்டைக் காட்டி, "இது உன்னுடைய தெருப் பாட்டு" என்றான். குழுவின் கிற்றார்காரர் மிக் ஜோன்ஸின் அம்மம்மா வீட்டு பல்கனியில், அந்த 18ஆம் மாடியில் நின்று வெஸ்ட்வேயில் போகும் கார்களைப் பார்த்தபின் பாடகர் ஜோ ஸ்ட்ரமர் எழுதியதாம். நான் கடல் என்று நினைத்துப் படுத்திருந்த சத்தத்தை இவர்கள் பாட்டாக்கிக் காசு பார்த்திருக்கிறார்கள்!

பாட்டு எனக்கு அப்போது பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிவாஜி பாட்டும் ஜிம் ரீவ்ஸும் கேட்டு வளர்ந்த காது. ஆனால் அந்த மிக் ஜோன்ஸின் கதை பிடித்துப்போனது. அதற்குப் பிறகு இந்த 40, 45 வருடங்களில் அவரைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் விடாமல் வாசித்து வந்திருக்கிறேன்.

ஆள் 1955இல் தென் இலண்டனில் பிறந்தவர், எனக்கு ஒரு வயது இளையவர். தகப்பன் வேல்ஸ்காரர். தாய் ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தவர். சின்ன வயதிலேயே இருவரும் பிரிந்துவிட, தாய் பின்னர் அமெரிக்கா போய்விட்டார். பொடியனை வளர்த்தது அம்மம்மா. தாய் அங்கிருந்து ரொக் இசைச் சஞ்சிகைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். நம் ஊரில் வெளிநாட்டில் இருக்கும் தாய் சொக்லேற் அனுப்புவாள், இந்தத் தாய் கிற்றார்காரர்களின் படங்களை அனுப்பினாள்.

படித்தது ஸ்ட்ராண்ட் ஸ்கூல் என்ற ஆண்கள் பாடசாலையில். அங்கே கணக்குப் பாட நேரத்தில் ஒரு சண்டை. அமெரிக்க ரொக் பாடகர்களில் சக் பெரி பெரியவரா, போ டிட்லி பெரியவரா என்ற விவாதத்தில் இவரும் இன்னொரு மாணவனும் வகுப்புத் தரையில் உருண்டு பிரண்டார்களாம். வாசித்தபோது சிரித்துவிட்டேன். நம் வகுப்பில் எம்ஜிஆர், சிவாஜி என்று மேசை உடைந்த நாளை இதை வாசிக்கும் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். உருண்ட அந்த இருவரும் பிறகு உற்ற நண்பர்கள். மேசை உடைத்த நம் இருவரும் இன்றுவரை பேசுவதில்லை.

அவருக்குப் பைத்தியம் மொட் த ஹூப்பிள் என்ற குழுவின்மேல். ரிக்கெற் எடுக்காமல் ரயிலேறி, அவர்கள் போகிற ஊர்களுக்கெல்லாம் பின்னாலேயே போவாராம். பிறகு ஹமர்ஸ்மித் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஓவியத்தில் ஆசை வந்து அல்ல. இங்கிலாந்தில் கிற்றார்காரர்களெல்லாம் ஓவியக் கல்லூரியில்தான் முளைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு.

முதல் குழு டெலிங்குவன்ற்ஸ். பெயர் போக்கிரித்தனமாக இருந்தாலும், நீள முடியும் இறுக்கக் காற்சட்டையுமாக அமெரிக்காவின் நியூயோர்க் டோல்ஸ் குழுவைப் பார்த்து வேஷம் கட்டிய பொடியன்கள் அவர்கள். அடுத்தது லிட்டில் குவீனி. அங்கேதான் அடி விழுந்தது. மொட் த ஹூப்பிளை உருவாக்கியவர், அவர்களுக்கு அந்தப் பெயரையே வைத்தவர் கை ஸ்டீவன்ஸ் என்ற தயாரிப்பாளர். மிக்குக்கு அவர் தெய்வம் மாதிரி. அந்தத் தெய்வம் 1975இல் லிட்டில் குவீனியின் ஒத்திகையைப் பார்க்க வந்தது. பார்த்துவிட்டுச் சொன்ன ஆலோசனையின் விளைவு, மிக் வெளியே. தான் தொடங்கிய குழுவிலிருந்து, தான் கும்பிட்ட ஆளின் வாயால்.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்குத் தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது.

நான் திரை இழுத்தேன். அவர் என்ன செய்தார் என்றால், புரூனல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த டோனி ஜேம்ஸ் என்பவரைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு குழு தொடங்கினார். பெயர் இலண்டன் எஸ்எஸ். யூதத் தாயின் பிள்ளை, யூதர்களைக் கொன்றவர்களின் படைப் பெயரை ஒரு அதிர்ச்சிக்காக வைத்தது எனக்கு இன்றும் சமிக்காத விஷயம். அந்தக் காலத்துப் பொடியன்கள் பலருக்கு அந்தக் கூறுகெட்ட விளையாட்டு இருந்தது. ஸ்வஸ்திகா குத்திக்கொண்டு தெருவில் திரிந்தவர்களை நானே கண்டிருக்கிறேன், கண்டதும் மற்றப் பக்கம் கடந்துமிருக்கிறேன்.

பெயரை விடுவோம். அந்தக் குழு செய்த காரியம் வேடிக்கையானது. மெலடி மேக்கர் வாரப் பத்திரிகையில் ஆள் தேடி விளம்பரம் போட்டார்கள். பெர்னார்ட் ரோட்ஸ் என்பவர் மேலாளராக வந்து சேர்ந்தார். பாடிங்டன் பிரேட் ஸ்ட்ரீற்றில் ஒரு தேநீர்க் கடை, அதன் நிலவறையில் ஒத்திகை. மேலே கடையிலிருந்த பாட்டுப் பெட்டியில் தங்களுக்குப் பிடித்த ரெக்கோட்டுகளைப் போட்டு வைத்து, வருகிறவர்களைச் சோதித்தார்கள். மாதக் கணக்கில் ஒருவர் மாற ஒருவராக வந்தார்கள். முடி சரியில்லை, சப்பாத்து சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்களாம். நம் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் தோற்றார்கள்.

மேளம் அடிக்க வந்த ஒருவருக்கு அப்போது சிரங்கு. அவர் அடித்துக்கொண்டிருக்கும்போது நிலவறையில் ஒரு எலி ஓடியது. அன்றிலிருந்து அவர் ரட் ஸ்கேபீஸ், தமிழில் சொன்னால் எலிச் சிரங்கு. அந்தப் பெயரிலேயே உலகப் புகழ் பெற்றார். கிற்றாருக்கு வந்த பிரையன் ஜேம்ஸ் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, எலிச் சிரங்கரையும் கூட்டிக்கொண்டு போய் டாம்ன்ட் குழுவைத் தொடங்கினார். 1976 ஒக்ரோபரில் அவர்கள் வெளியிட்டதுதான் பங்க் என்ற, வேகமும் கோபமுமான ரொக் இசையில் பிரித்தானியாவின் முதல் ஒற்றை ரெக்கோட். டோனி ஜேம்ஸ் பிறகு பில்லி ஐடலோடு ஜெனரேஷன் எக்ஸ் தொடங்கினார். மேளத்துக்கு வந்து போனவர்களில் டெரி சைம்ஸும் டொப்பர் ஹெடனும் பிற்காலத்தில் க்ளாஷுக்கு மேளம் அடித்தார்கள். நண்பனுக்குத் துணையாக வந்து சுவரில் சாய்ந்து நின்ற போல் சிமனன் என்ற ஓவியனைப் பிடித்துப் பாடச் சொன்னார்கள். அவனுக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. ஆள் பார்க்க நல்லாயிருந்தான்.

இவ்வளவுக்கும் இலண்டன் எஸ்எஸ் ஒரு தரம்கூட மேடை ஏறவில்லை. நம் குழுவாவது ஒருமுறை ஏறியது, நான் இல்லாமல்.

பிரேட் ஸ்ட்ரீற் வழியாக அந்த மாரிகாலத்தில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். பாடிங்டன் பக்கம் ஏதோ ஒரு கடைக்குள் ஒதுங்கித் தேநீர் குடித்ததும் உண்டு. காலுக்குக் கீழே இரைச்சல் கேட்டதாக நினைவில்லை.

1976 கோடையை அப்போது இங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். புல்லெல்லாம் கருகி, தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வாளியோடு சனம் நின்ற வெயில். எங்களுக்கு ஊர் ஞாபகம், வெள்ளைக்காரருக்குப் பேரிடர். அந்த வருடம்தான் மிக் சிமனனுக்கு பேஸ் கிற்றார் சொல்லிக்கொடுத்தார். கழுத்துப் பலகையில் எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று எழுதி வைத்துப் பழக்கினார்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று வருடக் கணக்கில் உட்கார வைத்த நம் சங்கீத வாத்தியார் கண்டிருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். 1977 தொடக்கத்தில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகையில், கிற்றாரில் மூன்று கோர்ட்டுக்கு விரலை எங்கே வைப்பது என்று படம் வரைந்து, இனிப் போய் ஒரு குழு தொடங்கு என்று போட்டிருந்தார்கள். பங்க் என்றால் அதுதான் என்று சொல்வார்கள். மிக் அந்த ரகம் அல்ல. இசையை அடுக்கத் தெரிந்தவர், எந்த இடத்தில் எந்தக் கருவி நுழைய வேண்டும் என்று யோசிக்கிறவர். கையில் லெஸ் போல் ஜூனியர் கிற்றார். அதுவும் நியூயோர்க் டோல்ஸின் ஜொனி தண்டர்ஸ் வைத்திருந்ததைப் பார்த்து வாங்கியது.

பாட ஆள் வேண்டியிருந்தது. ஒன்-ஓ-ஒன்னர்ஸ் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த ஜோ ஸ்ட்ரமரை ரோட்ஸ் போய்க் கேட்டார். ஸ்ட்ரமர் ராஜதந்திரி ஒருவரின் மகன், அங்காராவில் பிறந்தவர். சித்திரை மாதத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு தன் குழுவுக்கு முன்னால் வாசித்ததைப் பார்த்தபோதே தன் காலம் முடிந்துவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது. வந்து சேர்ந்தார். சண்டை, மோதல் என்று மாலைப் பத்திரிகைத் தலைப்புகளில் அடிக்கடி வந்த சொல்லைச் சிமனன் குழுவுக்குப் பெயராக வைத்தான். 1976 ஜூலை 4ஆம் தேதி, ஷெஃபீல்டில் ப்ளாக் ஸ்வான் என்ற மதுச்சாலையில், செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு முன்னோடியாக முதல் மேடை. மூன்று குழுக்களைத் தாண்டி வந்த மேடை. அடுத்த ஜனவரியில் சிபிஎஸ் ரெக்கோட் நிறுவனம் ஒரு இலட்சம் பவுணுக்கு ஒப்பந்தம் எழுதியது. எனக்கு அப்போது பெற்றோல் நிலையத்தில் மணிக்கு ஒரு பவுண்கூட இல்லை.

இனி அவர்களின் புகழ்க்கதை எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். வெள்ளைக் கலகம் என்று தலைப்பு வைத்த அவர்கள் பாட்டைப் பற்றி மட்டும் ஒன்று. பெயரைக் கேட்டதும் நாஷனல் ஃப்ரண்ட் என்ற வெள்ளை இனவாதக் கட்சி ஆட்களின் பாட்டு என்று நினைத்துப் பயந்தேன். இரவு வேலை முடித்துத் தனியே நடந்து வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சொற்கள் வேறு விதமாகத்தான் கேட்கும். 1976 நொட்டிங் ஹில் கார்னிவலில் கறுப்பு இளைஞர்கள் பொலிசை எதிர்த்து நின்றதைக் கண்டு, நம் ஆட்களுக்கு ஏன் அந்தத் துணிவில்லை என்று எழுதியது என்று பெற்றோல் நிலையத் தோழன்தான் விளக்கினான். 1978 ஏப்ரல் 30இல் விக்டோரியா பார்க்கில் இனவாத எதிர்ப்புக் கூட்டத்தில் அவர்கள் வாசித்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பல்லாயிரம் சனம். மேடை தீப்பெட்டி அளவு தெரிந்தது. அதில் ஒல்லியாகத் துள்ளிய ஒரு உருவத்தைக் காட்டி, உன் அயலவன் என்றான். என் வாழ்க்கையில் நான் மிக் ஜோன்ஸை நேரில் கண்டது அந்தத் தீப்பெட்டிக் காட்சி மட்டும்தான்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். 1979இல் க்ளாஷ் தங்கள் மூன்றாவது அல்பத்துக்குத் தயாரிப்பாளர் தேடியபோது யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? மிக்கை வெளியேற்றக் காரணமான அதே கை ஸ்டீவன்ஸை. ஆள் அப்போது குடியில் மூழ்கி, வேலை தருவார் இல்லாமல் இருந்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் கதிரைகளை எறிந்து, ஏணியைச் சுழற்றி, அவர்களை உசுப்பி வாசிக்க வைத்தாராம். அந்த அல்பம்தான் அவர்களின் உச்சம். இரண்டு வருடத்தில் அவர் செத்துப்போனார். 1983இல் மிக்கை மறுபடியும் வெளியேற்றினார்கள், இந்த முறை சொந்தக் குழுவே. 2002 நவம்பரில் அக்டன் நகர மண்டபத்தில் தீயணைப்பு வீரர்களின் வேலைநிறுத்தத்துக்காக ஸ்ட்ரமர் பாடிக்கொண்டிருந்தபோது, சனத்துக்குள் நின்ற மிக் தானாக மேடையேறிக் கிற்றாரை மாட்டிக்கொண்டார். 19 வருடத்துக்குப் பிறகு. அடுத்த மாதம் ஸ்ட்ரமரும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் நம் சங்கத்தின் இராப்போசன விருந்து. சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் கேட்டதற்காக மாயா அருள்பிரகாசத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை டீஜே போட்டார். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாகத் திரும்பி வந்த நம் பிள்ளை எம்.ஐ.ஏ. அந்தப் பாட்டின் அடியில் ஓடுகிற இசை க்ளாஷின் 1982ஆம் ஆண்டுப் பாட்டொன்றிலிருந்து எடுத்தது. பாட்டை எழுதியவர்கள் வரிசையில் மிக் ஜோன்ஸின் பெயரும் இருக்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவர் வேறு யாருமல்ல, அன்று என்னைக் குழுவிலிருந்து எடுக்கச் சொன்ன அதே பெரிய வகுப்பு அண்ணை. இப்போது காதுக் கருவி போட்டிருக்கிறார். அவரைப் பிடித்து, ஹரோ றோட், 18ஆம் மாடி, அம்மம்மா, எல்லாவற்றையும் அந்த இரைச்சலுக்குள் கத்திச் சொன்னேன். அண்ணை கருவியைத் திருகி, தலையைச் சாய்த்து, பாட்டு முடியும்வரை கவனமாகக் கேட்டார்.

"தம்பி," என்றார், "குறை நினைக்காத. தேங்காய் திருவுறமாதிரித்தான் இருக்கு."

அதற்குள் டீஜே 'சுராங்கனி'க்கு மாறினார். அண்ணை என் கையைப் பிடித்து எழுப்பினார்.