கொடநாட்டைக் காணோம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலைக் கணக்கு பார்க்கிறேன். பச்சை இலை போடும் சிறு விவசாயிகளின் பட்டியல் பழைய கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பழைய தமிழ் ஃபாண்டில் கிடந்தது. புதிய மென்பொருள்காரர்கள் அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாக்கி, சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலாகத் தந்தார்கள். பெயர், ஊர், தேதி, கிலோ. நாலு கட்டம்தான். அதற்குப் பத்து நாள் போனது.

எக்ஸெலில் திறந்தால் தமிழுக்குப் பதில் தலையில் கோடு, கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள். போன் போட்டேன். "ஃபாண்ட் இல்ல சார், போட்டுக்குங்க" என்றார்கள். அதை நம்பி மழையில் குன்னூருக்கு பஸ் ஏறி, பென்டிரைவ் நிறைய ஃபாண்ட் அள்ளி வந்தேன். தண்டம். ஃபாண்ட் இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். கொம்பு எழுத்து வந்தால் கோளாறு குறியாக்கத்தில், அதாவது எழுத்தை எண்ணாக்கிச் சேமிக்கும் முறையில். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 கோப்பில் 'க' என்பது 3 பைட். எக்ஸெல் அதை ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்ற பழைய விண்டோஸ்-1252 முறை என்று நினைத்து மூன்று எழுத்தாகக் காட்டுகிறது. நேரடியாகத் திறக்காமல் டேட்டா மெனு வழியாக உள்ளே இழுத்து, யூடிஎஃப்-8-க்கான எண் 65001 என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தமிழ் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்துத் தொலைத்தேன். மறுபடி திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறி! கொம்பு எழுத்தையாவது பெரும்பாலும் மீட்கலாம், கேள்விக்குறி ஆனது போனதுதான். மூலக் கோப்பு மெயிலில் இருந்ததால் பிழைத்தேன். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேதியிலும் ஒரு கூத்து. 13-ஆம் தேதியிலிருந்து எல்லாம் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன, எக்ஸெல் அவற்றைத் தேதியாகவே எடுக்கவில்லை. கம்ப்யூட்டரின் ரீஜன், அதாவது நாட்டு அமைப்பு, அமெரிக்கா; அங்கே மாதம்தான் முன்னால். 12 வரை நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறியிருந்தன, அதற்குமேல் அப்படி ஒரு மாதமே இல்லையே! ரீஜனை இந்தியாவாக்கி மீண்டும் இழுத்தேன்.

சரி, முடிந்தது என்று மென்பொருளில் ஏற்றினால், கொடநாட்டிலிருந்து ஒருவர் போன். "எங்க ஊரே பட்டியல்ல இல்லையாமே?" தேடினேன், பூஜ்யம். கோத்தகிரியும் பூஜ்யம். ஆனால் கட்டபெட்டு வருகிறது, அரவேணு வருகிறது. பட்டியலை உருட்டினால் கொடநாடு கண்ணெதிரே இருக்கிறது!

மறுபடி போன், மறுபடி ஃபாண்ட் பேச்சு. வைத்துவிட்டேன்.

அப்புறம் தற்செயலாகத்தான் பிடிபட்டது. 'கொ' பக்கத்தில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டினேன். 'க' மிஞ்ச வேண்டிய இடத்தில் 'கெ' நின்றது. பழைய ஃபாண்டில் கொம்பும் காலும் தனித்தனி. மாற்றும்போது அவற்றை ஒரே குறியாகச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், தேடும் நிரலுக்கு வேறு வேறு. ஒ, ஓ சேர்ந்த ஊர்களெல்லாம் இப்படித்தான் மறைந்திருந்தன. பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்ப்பதற்குப் பெயர் என்எஃப்சி இயல்பாக்கம்; பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி, ஒரு நொடி வேலை.

கொடநாட்டுக்காரருக்கு நானே போன் செய்து சொன்னேன். "அப்ப காசு எப்ப வரும்?" என்றார்.