சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டிய பிறகு

மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியில் 2017 முதல் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஆஃபர் லெட்டர் வந்தால் எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கத் தொடங்கும். தேர்வானவர் குறித்த நாளில் அந்த நிறுவனத்தின் வாசலுக்குப் போய், செக்யூரிட்டி நீட்டும் பதிவேட்டில் பெயரெழுதி உள்ளே நுழைந்துவிட்டார் என்று தெரியும் வரை எங்கள் அலுவலகத்தில் யாரும் அந்தப் பெயரை வெள்ளைப் பலகையில் பச்சை மையால் எழுத மாட்டோம்.

2022 ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று இன்னும் மறக்கவில்லை. ஆண்டுக்கு 16 லட்சம் சம்பளத்தில் ஒரு ஜாவா டெவலப்பர் அன்று சேர வேண்டும். ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய நிறுவனத்தில் வேலை பார்த்தாக வேண்டிய மூன்று மாத நோட்டீஸ் பீரியடில் வாரம் ஒருமுறையாவது அவரிடம் பேசியிருக்கிறேன். அவருடைய தங்கை கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னேன், அப்பாவின் கண் அறுவை சிகிச்சை எப்படி நடந்தது என்று விசாரித்தேன். அன்று காலை எட்டரைக்கு அழைத்தபோது, "கிளம்பிட்டேன் மேடம், சோழிங்கநல்லூர் சிக்னல்ல நிக்கிறேன்" என்றார். பின்னணியில் ஹாரன் சத்தமும் கேட்டது. ஒன்பதரைக்கு அந்த நிறுவனத்தின் எச்.ஆர். என்னை அழைத்து, ஆள் எங்கே என்றார். அவருடைய போன் அணைக்கப்பட்டிருந்தது. அன்று மாலை வரை அணைந்தே இருந்தது. இரண்டு நாள் கழித்து லிங்க்டுஇன்னில் புது அடையாள அட்டையும் புது லேப்டாப்புமாக அவர் படம் போட்டிருந்தார். அந்த சிக்னல் இருக்கும் அதே ராஜீவ் காந்தி சாலையில், ஒரு கிலோமீட்டர் தள்ளி, வேறொரு நிறுவனம். சிக்னலில் நின்றதாக அவர் சொன்னது பொய்யில்லை. சிக்னலைத் தாண்டி வேறு வாசலுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

அந்த ஒரு போன் அணைந்ததில் எங்களுக்கு என்ன போயிற்று என்பதைச் சொன்னால் இந்தத் தொழில் புரிந்துவிடும். ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், கன்சல்டன்சிக்குக் கட்டணம் என்பது பரவலான வழக்கம். 16 லட்சத்துக்கு 1,33,280 ரூபாய். அவர் சேர்ந்த பிறகுதான் பில் போட முடியும்; 90 நாட்களுக்குள் விட்டுப் போனால் வேறொருவரை இலவசமாகத் தர வேண்டும். ஜனவரியில் தேடிப் பிடித்தவர் பிப்ரவரியில் இன்டர்வியூ முடித்து, மார்ச்சில் ராஜினாமா கொடுத்து, ஜூனில் சேர்ந்தால், பணம் ஆகஸ்டில் வரும். அதிலிருந்து எனக்கான இன்சென்டிவ் தீபாவளிக்கு முன்னால் வந்தால் அதிர்ஷ்டம். கும்பகோணத்துப் பக்கம் குறுவை நட்டுவிட்டு அறுவடை வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான் என்பதால் இந்தக் காத்திருப்பு எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. பயிர் எழுந்து பக்கத்து வயலுக்கு நடந்து போவதைத்தான் சென்னைக்கு வந்த பிறகு பார்த்தேன்.

பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டுப் பெருங்குடியில் அந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு ஒரு வரி நிரல்கூடத் தெரியாது. முதல் வாரத்தில் ஜாவா தெரிந்தவர்கள் வேண்டும் என்று வந்த ஜே.டி.க்கு, அதாவது வேலை விவரக் குறிப்புக்கு, ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த மூன்று பேரின் ரெஸ்யூமேக்களை அனுப்பிவைத்தேன். எங்கள் மேலாளர் கோபப்படவில்லை. "கடலுக்கும் கடலைக்கும் என்ன சம்பந்தமோ, அதுதான் இதுக்கும் அதுக்கும்" என்றார். இரண்டும் 1995-இல் வெளியான நிரல்மொழிகள் என்பதைத் தவிர வேறு உறவு பெரிதாக இல்லை என்று பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கேட்பவர்களும் எல்லாம் தெரிந்து கேட்பதில்லை. 2018-இல் ஒரு நிறுவனம் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருளில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் வேண்டுமென்று எழுதியிருந்தது. கூகுள் அதை வெளியுலகுக்குத் தந்ததே 2014-இன் நடுவில்தான். இதைச் சுட்டிக்காட்டலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். வாடிக்கையாளரிடம் கணக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்றார். நான்கு ஆண்டு அனுபவம் என்று எழுதியிருந்த ஒருவரை அனுப்பினோம், எடுத்துக்கொண்டார்கள்.

2021-உம் 2022-உம் எங்கள் தொழிலின் பொற்காலம் என்று சொல்வார்கள். எனக்கு அது தூக்கம் கெட்ட காலம். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸை விட்டு வெளியேறுவோர் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. செப்டம்பர் காலாண்டில் டி.சி.எஸ்.ஸில் அது 21.5 சதவீதம். ஊரே இடம் மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் மூன்று நான்கு ஆஃபர்கள் இருந்தன. ஒன்றைக் காட்டி இன்னொன்றில் விலை பேசுவதற்கு நோட்டீஸ் பீரியடின் 90 நாட்கள் தாராளமாகப் போதும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளை மூன்று மாதம் கட்டிவைத்தால் ஓடிப்போக மாட்டான் என்று கணக்குப் போட்டு அந்த விதியை எழுதியவை நிறுவனங்கள்தாம். அந்த மூன்று மாதமே அவன் கடைகடையாக ஏறி இறங்குவதற்கு நேரம் கொடுத்தது.

பிறகு வேகமாக வடிந்துவிட்டது. 2024 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில் டி.சி.எஸ்.ஸின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது, இன்ஃபோசிஸில் 25,994. அவர்கள் ஆள் எடுக்காவிட்டால் எங்களுக்கு எண்ணெய் ஊற்ற யாருமில்லை. எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேர் இருந்த இடத்தில் பதினான்கு பேர் ஆனோம். சம்பளம் முதலில் ஐந்தாம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று, அப்புறம் பன்னிரண்டு, அப்புறம் தேதி சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நானும் வேலை தேடத் தொடங்கினேன்.

அங்கேதான் வேடிக்கை. ஏழு ஆண்டுகள் நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் ஆள் தேடுபவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள், முதல்முறையாக மறுபக்கத்தில் என் ரெஸ்யூமேயை ஏற்றினேன். அண்மையில் புதுப்பித்தவர்களை மேலே காட்டும் என்பது எனக்குத் தெரியுமாதலால், தினமும் காலை எட்டரைக்கு, ரெக்ரூட்டர்கள் கணினியைத் திறப்பதற்குச் சற்று முன்னால், ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுச் சேமிப்பேன்; மறுநாள் அதே புள்ளியைத் திரும்ப வைப்பேன். அழைப்புகள் வந்தன. இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை நாளில் சேர முடியும் என்ற மூன்று கேள்விகளையும் நான் ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் கேட்டவள். பதில் சொல்லும்போதுதான் முதல் கேள்வி எவ்வளவு கூச வைக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் மொழி எனக்குத் தெரியும் என்பது உதவியா தொந்தரவா என்று சொல்ல முடியவில்லை. "உங்க புரொஃபைல் ஹோல்டுல இருக்கு" என்றால், வேறொருவருக்கு ஆஃபர் போயிருக்கிறது, அவர் சேராவிட்டால் உங்களை அழைப்பார்கள் என்று பொருள். "இன்னும் ஃபீட்பேக் வரல" என்றால், பெரும்பாலும் அந்த இடமே இல்லாமல் போயிருக்கும். அதைக் கன்சல்டன்சிக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மற்றவர்கள் நம்பிக்கையோடு காத்திருக்கும் வாசகங்களைக் கேட்டவுடனே நான் அந்த நிறுவனத்தை என் நோட்டுப் புத்தகத்தில் அடித்துவிடுவேன். ஐந்து மாதங்களில் இருபத்து மூன்று பெயர்களை அடித்தேன்.

கடைசியில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இங்கே தானே நடத்தும் மையத்தில், மணப்பாக்கத்தில், ஆள் எடுக்கும் பிரிவில் இடம் கிடைத்தது. இன்டர்வியூவில், பத்துப் பேருக்கு ஆஃபர் கொடுத்தால் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்று கேட்டார்கள். 2022-இல் ஐந்து, இப்போது எட்டு என்றேன். என்ன காரணம் என்றார்கள். வெளியே வேறு ஆஃபர் இல்லை என்றேன். அந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்தவர்தான் இப்போது என் மேலதிகாரி.

ராஜினாமா கொடுத்தவுடன் எங்கள் மேலாளர் என்னை அறைக்குள் அழைத்து, பதினைந்து சதவீதம் கூட்டித் தருவதாகச் சொன்னார். வராத சம்பளத்தில் பதினைந்து சதவீதம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இந்த வேலையும் ஒரு கன்சல்டன்சி வழியாகத்தான் வந்தது. அங்கிருந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதிருக்கலாம். முதலில் மேடம் என்றாள், பிறகு அக்கா என்றாள். முப்பது நாள் நோட்டீஸில் எட்டு முறை அழைத்து, சாப்பிட்டீர்களா, பையனுக்குக் காய்ச்சல் சரியாயிற்றா என்றெல்லாம் கேட்டாள். எனக்கு விதிக்கப்பட்ட 8.33 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், ஆனாலும் அவள் கேட்டது பிடித்திருந்தது.

சேர வேண்டிய திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்கு அழைத்தாள். "அக்கா, கிளம்பிட்டீங்களா?" அந்தக் குரலில் இருந்த பயத்தை என்னால் எங்கே கேட்டாலும் அடையாளம் காண முடியும். கிண்டி தாண்டி ஆட்டோவில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னேன். "சரிக்கா" என்றாள், ஆனால் போனை வைக்கவில்லை. ஒன்பது இருபதுக்கு வாசலில் இறங்கி, செக்யூரிட்டி நீட்டிய பதிவேட்டில் பெயரெழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன.

பத்து மணிக்கு மறுபடி அழைத்தாள், உள்ளே போய்விட்டேனா என்று கேட்க. நானாக இருந்தாலும் அழைத்திருப்பேன்.