அனோரதா ரோட்டைத் தாண்டுறது

ரங்கூன்ல நம்ம காளியம்மன் கோயில் வாசல்ல நின்னு பாருங்க, பெரியம்மாமாருங்க ஒரு கையில அர்ச்சனைத் தட்டு, இன்னொரு கைய வண்டிக்காரனுக்கு நீட்டிக்கிட்டே அனோரதா ரோட்டைத் தாண்டுவாங்க, பாக்குற நமக்குத்தான் பகீர்ங்கும். ஏதாவது ஆச்சுன்னா உடனே "பாத்து வரக்கூடாதா"ன்னு நடக்குறவங்களையே திட்டுறது நம்மாளுங்க வழக்கம்.

பாத்தாலும் தெரியாதுங்க. ஓரத்து லேன்ல வர்ற பஸ்காரர் நல்ல மனசோட நிறுத்துறார்னு வைங்க, அங்கதான் வினையே. பஸ் மறைச்சுக்குது, பக்கத்து லேன்ல வர்றவனுக்கு ஆள் இறங்கினது தெரியல, நேரா வந்துடுறான். இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு கூத்து வேற இருக்கு. 1970 டிசம்பர்ல வண்டியெல்லாம் வலது பக்கமா ஓட்டணும்னு மாத்தினாங்க, ஆனா இன்னிக்கும் ஓடுற ஜப்பான் செகண்ட்ஹேண்ட் கார்ல ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான். அதனால உள் லேன்ல வர்ற டிரைவர் பஸ்ஸை ஒட்டியே உக்காந்திருக்கார், இடது பக்கம் உக்காந்திருந்தா கொஞ்சம் முன்னாடியே ஆள் தெரிஞ்சிருக்கும்.

இதுக்கு செலவு பெருசா ஒண்ணுமில்ல, வண்டி நிக்கிற கோட்டை கிராசிங்கை ஒட்டிப் போடாம ஒரு 6 மீட்டராவது பின்னால தள்ளிப் போட்டா போதும், பஸ்ஸுக்கு முன்னாடி இடம் கிடைக்கும், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம். நடுவுல ஒரு திட்டும் வேணும், பாதி தாண்டி நின்னு மூச்சு விட.

சிக்னல் கணக்கும் வாலிபப் பசங்க கணக்கு. செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பாங்கன்னு வச்சா 12 மீட்டர் ரோட்டுக்கு 10 செகண்ட், முட்டிவலிக்காரங்க 0.8 மீட்டர்தான் நடப்பாங்க, அவங்களுக்கு 15 வேணும். வண்டிக்குப் பச்சை விழுறதுக்கு சில செகண்ட் முன்னாடியே நடக்குறவங்களுக்கு விட்டுடுறதும் நியூயார்க்ல பல இடத்துல பண்றாங்க, திரும்புற வண்டி வர்றதுக்குள்ள நாம ரோட்டுல இறங்கி அவன் கண்ணுல பட்டுடுவோம்.

சூலே பகோடா பக்கம் மாதிரி ஆளுங்க நடந்து தாண்டுற மேம்பாலம் கட்டினா ஆச்சேம்பாங்க. அத்தனை படி யார் ஏறுறது? அது வண்டி நிக்காம போறதுக்குக் கட்டினது, நமக்கில்ல.

இன்னொண்ணு, முக்குல கார் நிறுத்துறதையும் எடுக்கணும், காருக்கு நடுவுல இருந்து தலையை நீட்டி எட்டிப் பாக்க வேண்டியிருக்கு. இதுக்கு மட்டும் நம்ம கடைக்காரங்களே முதல்ல சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.