பதினான்கு பழைய கணினிகளும் டெபியன் 13-ம்

2025 ஆகஸ்டில், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ம் பதிப்பு வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஐ386 எனப்படும் பழைய 32 பிட் கணினிகளுக்கு இனி இன்ஸ்டாலரும் கிடையாது, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் கிடையாது, 64 பிட் கணினியில் பழைய 32 பிட் நிரல்களை ஓட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் பதினான்கு பழைய கணினிகள், பதினான்கிலும் 32 பிட் டெபியன். எல்லோருக்குமான இயங்குதளம் என்று சொல்லிவிட்டுப் பழைய கணினி வைத்திருப்பவர்களைக் கைவிடலாமா என்று இரண்டு நாள் புலம்பினேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஒவ்வொன்றாக உட்கார்ந்து செயலியின் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை அடித்துப் பார்த்தேன். பதினொரு கணினிகளில் 32 பிட், 64 பிட் இரண்டும் ஓடும் என்று வந்தது. ரேம் 2 ஜிபிதானே, 32 பிட்டே போதும் என்று, புதிதில் நான்தான் 32 பிட்டைப் போட்டிருக்கிறேன். நிஜமாகவே வேறு வழியில்லாதவை மூன்றே மூன்று.

அதற்குப் பிறகுதான் அந்த முடிவை அவர்கள் பக்கத்திலிருந்து யோசித்தேன். டெபியன் தன்னார்வலர்கள் நடத்துவது. ஒரு ஆர்க்கிடெக்சரை, அதாவது ஒரு செயலி வகையை, வைத்திருப்பதென்றால் பல்லாயிரம் மென்பொருள் தொகுப்புகளை அதற்கென்று பில்ட் செய்ய வேண்டும், உடைந்ததைத் துரத்திப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும், கெர்னலை நிஜமான பழைய இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்க ஆள் வேண்டும். இத்தனை வருடம் பயன்படுத்திய நான் ஐ386-க்காக ஒரு பிழையறிக்கைகூட அனுப்பியதில்லை. பழையது ஒன்று விலகிய அதே வெளியீட்டில் ரிஸ்க்-வி 64 என்ற புதிய செயலி வகை முதல்முறையாக அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது.

எனக்கு மிகவும் சரியாகப் பட்டது நேரக் கணக்கு விஷயம். நேரத்தை 1970-லிருந்து வினாடிகளாக 32 பிட்டில் எண்ணினால் 2038 ஜனவரி 19-ல் எண் நிரம்பிவிடும். அதனால் மற்ற 32 பிட் ஆர்க்கிடெக்சர்களை 64 பிட் நேரத்துக்கு மாற்றினார்கள், ஐ386-ஐ மட்டும் தொடவில்லை. தொட்டால் பழைய நிரல்கள் ஓடாது, அது இருப்பதே அந்த நிரல்களுக்காகத்தானே. எது யாருக்காக என்று தெளிவாக முடிவெடுத்திருந்ததால்தான் இந்த இடத்தில் தடுமாறாமல் இருக்க முடிந்தது.

ஐ386-லிருந்து அப்படியே 13-க்கு அப்கிரேடு செய்யக் கூடாது என்பதால், பதினொன்றிலும் டேட்டாவை பேக்கப் எடுத்துவிட்டு 64 பிட்டைப் புதிதாக நிறுவினேன். மீதி மூன்றும் டெபியன் 12-லேயே ஓடுகின்றன. அதற்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. அந்தத் தேதியை எழுதி மூன்றின் மானிட்டர் ஓரத்திலும் ஒட்டியிருக்கிறேன்.