மாடலில் சரியாகத்தான் இருக்கிறது

"சார், எல்லாம் சரியா இருக்கா? நாளைக்குக் கட்டிங்குக்கு அனுப்பிடலாமா?" என்று அந்த மாணவி கேட்டபோது இரவு பதினொன்றரை மணி இருக்கும். "மாடல்ல சரியாத்தாம்மா இருக்கு" என்று பதில் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். அந்தப் பதிலில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எங்கள் பள்ளி ரோபோ அணியின் 2024-25 போட்டிப் பருவத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாக்கியம்தான். அதிலும் 'மாடல்ல' என்ற முதல் சொல்.

பள்ளி மாணவர்களுக்கான எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்) ரோபோ போட்டியில் ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள், அதாவது ஒவ்வொரு பக்கமும் 457.2 மில்லிமீட்டருக்குள், அடங்கியிருக்க வேண்டும். அவள் ஆன்ஷேப் என்ற வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கியிருந்த அசெம்பிளியில், அதாவது எல்லாப் பாகங்களும் சேர்ந்த முப்பரிமாண மாடலில், முன்சக்கரத்தின் விளிம்பிலிருந்து பின்தட்டின் வெளிமுகம் வரை 455 மி.மீ. இருந்தது. பக்கவாட்டிலும் நகரவைக்கும் மெக்கானம் சக்கரங்கள், மோட்டார்கள், அந்த ஆண்டு ஆட்டக்களத்தில் 43 அங்குல உயரத்தில் இருந்த மேல்கூடைக்கு எட்டும்படி நீளும் ஸ்லைடுகள், பெல்ட் ஓடும் கப்பிகள் எல்லாம் அதில் இருந்தன. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்தது என்று சொன்னால் என் அலுவலகத்தில் நம்ப மாட்டார்கள். பின்தட்டைப் பிடிக்கும் ஆறு எம்4 (4 மி.மீ. தடிமன்) ஆலன் போல்ட்டுகள் மட்டும் அதில் இல்லை. அவற்றுக்கான துளைகள் இருந்தன. எம்4 ஆலன் போல்ட்டின் தலை 4 மி.மீ. உயரம். 455உம் 4உம் சேர்ந்தால் 459. இந்தக் கூட்டலை நான் அன்றிரவே மனதில் போட்டுவிட்டேன்.

பகலில் நான் வாகன உதிரிபாகங்களை வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். போல்ட் தலைக்கு இடம் விடாத வரைபடத்தை இளநிலைப் பொறியாளர் யாராவது என்னிடம் கொண்டுவந்தால், ஒரே நிமிடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன்; அதில் எனக்கு எந்தத் தத்துவக் குழப்பமும் வராது. சனி, ஞாயிறுகளில் வழிகாட்டியாக உட்காரும்போது மட்டும் தத்துவம் வந்துவிடுகிறது. ரோபோவை மாணவர்கள்தான் செய்ய வேண்டும், வழிகாட்டி செய்து கொடுத்துவிடக் கூடாது என்பது இந்தப் போட்டியில் எல்லோரும் மதிக்கும் எண்ணம். அணிகள் சில அதை எவ்வளவு எளிதாக மீறுகின்றன என்று பார்த்துச் சலித்திருந்ததால், நான் அதை வேண்டிய அளவுக்கு மேலாகவே இறுகப் பிடித்திருந்தேன். அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இதுதான்: பொருத்தும்போது அவளே பார்த்துவிடுவாள், அப்படிக் கற்றது மறக்காது.

ஆனால் கட்டிங்குக்கு அனுப்பிய பிறகு பார்ப்பதும் அதற்கு முன் பார்ப்பதும் ஒன்றல்ல. திரையில் ஒரு ஸ்கெட்ச் அளவை 455லிருந்து 452 ஆக்கினால் முடிந்துபோகும் வேலை, அம்பத்தூரில் 3 மி.மீ. அலுமினியத் தட்டாக வெட்டி வந்த பிறகு அரத்தை எடுக்க வைக்கும் வேலை. இது எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்தவன் தெரியாதவளிடம் 'மாடல்ல' என்ற சொல்லின் பின்னால் ஒளிந்துகொண்டதைக் கற்பித்தல் என்று சொல்லலாமா?

இதை எழுதும்போது இன்னொரு சந்தேகமும் வருகிறது. நான் உண்மையிலேயே அன்றிரவே பார்த்தேனா, அல்லது பிற்பாடு நடந்ததை வைத்து, 'எனக்கு அப்போதே தெரியும்' என்று மனம் கதை கட்டிக்கொண்டதா? ஆன்ஷேப்பில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் பதிவாகியிருக்கும். ஆனால் ஒருவர் ஒரு தூரத்தை அளந்து பார்த்துவிட்டுச் சும்மா போனது அதில் ஏறாது. பார்க்கத் தவறிய வழிகாட்டி, பார்த்தும் பேசாத வழிகாட்டி என்ற இருவரில் யாராக இருக்க விரும்புகிறேன் என்பதைக்கூட என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

பொருத்தும்போது அவள் பார்க்கவில்லை. டேப்பை வைத்து அளந்தார்கள், தட்டின் ஓரம்வரை. 455 சரியாக வந்தது. போட்டி நாள் காலையில், பரிசோதனை மேசையில் இருந்த அளவுப்பெட்டிக்குள்தான் ரோபோ நுழைய மறுத்தது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்தட்டின் அருகே குனிந்து, போல்ட் தலைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டன் ஹெட் இருக்கா?" என்று மற்றவர்களைக் கேட்டாள். பட்டன் ஹெட் என்பது தலை தட்டையாக உருண்ட போல்ட்; எம்4 அளவில் அதன் தலை 2.2 மி.மீ. 455உடன் கூட்டினால் சரியாக 457.2, கணக்கின்படி மயிரிழை இடைவெளிகூட இல்லை. பெட்டிக்குள் எப்படியோ நுழைந்துவிட்டது. அவள் அதை வேகமாகக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை பொங்கியது. அந்தப் பெருமையைத்தான் இன்று முழுவதாக நம்ப முடியவில்லை.

பட்டன் ஹெட்டுக்கு, பழைய போல்ட்டுகளை முறுக்கிய 3 மி.மீ. ஆலன் சாவி பொருந்தாது, 2.5 வேண்டும், அவசரத்தில் முறுக்கியது போதவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு போல்ட்டுகள் தளர்ந்து, தட்டு சாய்ந்து, ஸ்லைடு பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டது. அது நடக்காவிட்டாலும் நாங்கள் வென்றிருக்க மாட்டோம் என்பது என் கணிப்பு. ஆனால் அந்தக் கணிப்பும் எனக்குச் சாதகமானதுதான்.

பருவம் முடிந்ததும் பொறியியல் குறிப்பேட்டில் அவள் எழுதியிருந்தாள்: "போல்ட்டுகளை அசெம்பிளியில் சேர்க்கவில்லை. என் தவறு." நான் அதைத் திருத்தவில்லை. பள்ளியின் மடிக்கணினிகள் திணறுகின்றன, அசெம்பிளியில் போல்ட்டுகளைச் சேர்க்காதீர்கள் என்று முதல் மாதமே எல்லோரிடமும் சொன்னவன் நான்தான். அவளுக்கு அது நினைவில் இருந்ததா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது அவள் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு. சென்ற மாதம் தன் அணியின் மாடல் ஒன்றை அனுப்பி, "சார், ஒரு தடவை பாருங்களேன்" என்றாள். அன்றைய கடனைத் தீர்ப்பது போல, பத்தே நிமிடத்தில் இரண்டு இடங்களைக் குறித்து, எங்கே எவ்வளவு இடிக்கும் என்ற அளவோடு பதில் அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "ரெண்டாவதை நானே பிடிச்சிருப்பேன் சார், கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."